எம்.ஏ. பொலிட்டிக்கல் சயின்ஸ் ரிசர்ச் மெத்தடாலஜி: ஜூனியர்ஸ் அடிக்கடி கேக்குற கேள்விகள்

ப்ராஜெக்ட் சீசன் வந்தா போதும், ஜூனியர்ஸ்கிட்டேர்ந்து ராத்திரி பத்து மணிக்கு மேல வாய்ஸ் நோட்டா வரும், "அண்ணா ஒரு டவுட்டு"ன்னு. கேள்வி எல்லாம் வருஷாவருஷம் ஒண்ணுதான், அதனால ஒரே இடத்துல எழுதி வச்சிடலாம்னு தோணிச்சு. நான் எம்.ஏ. முடிச்சு, பிஹெச்டிக்காக நாலு வருஷம் ஊர் ஊரா ஃபார்ம் தூக்கிட்டு அலைஞ்சவன், அந்த அனுபவத்துலதான் சொல்றேன். பரீட்சைக்கு வேணும்னா உங்க நோட்ஸையே படிங்க, அதுல வர்ற வரையறை எதையும் நான் இங்க தரப் போறதில்ல.

அரசியல் படிக்கத்தானே சேர்ந்தோம், இந்த பேப்பர் எதுக்கு?

டீக்கடையில உக்காந்து "இந்த தடவை அவங்கதான்"னு சொல்றவருக்கும் உங்களுக்கும் என்ன வித்தியாசம்? அவருக்கு உங்களைவிட அரசியல் தெரிஞ்சிருக்கலாம், எங்க ஊர்ல கண்டிப்பா தெரியும். ஆனா அவர் சொன்னது தப்பாப் போச்சுன்னா "காசு குடுத்துட்டானுங்கப்பா"ன்னு ஒரு காரணம் ரெடியா வச்சிருப்பாரு, அவரை தோற்கடிக்கவே முடியாது. நீங்க செய்ய வேண்டியது அதுக்கு நேர் எதிர். எதைப் பாத்தா நான் சொன்னது தப்புன்னு ஒத்துக்குவேன்னு முன்னாடியே எழுதி வச்சிட்டு களத்துல இறங்கணும். இந்த பேப்பர்ல இருக்குற மத்ததெல்லாம், சாம்பிளிங் ரிக்ரெஷன் இன்டர்வியூ எல்லாமே, இதுக்கு எடுபிடிதான்.

டாபிக் எப்படி எடுக்குறது? கைடு "ஏதாவது எடுத்துட்டு வா"ங்கறாரு.

"தமிழக அரசியலில் பெண்களின் பங்கு – ஓர் ஆய்வு." இந்த மாதிரி தலைப்பு ஒரு நூறு தீசிஸ்லயாவது இருக்கும், இந்திய பல்கலைக்கழக தீசிஸ்களை சேத்து வச்சிருக்குற ஷோத்கங்கா சைட்டுல போய் தேடிப் பாருங்க. இது டாபிக்தான், கேள்வி இல்ல. கேள்வின்னா இப்படி இருக்கணும்: 2016ல தமிழ்நாட்டுல உள்ளாட்சிப் பதவிகள்ல பெண்களுக்கு 50 சதவீதம்னு சட்டம் வந்துச்சு, அந்த ஒதுக்கீட்டுல ஜெயிச்ச பஞ்சாயத்து தலைவிகள்ல எத்தனை பேர் கிராம சபையில தாங்களே பேசுறாங்க, எத்தனை பேருக்காக வீட்டுக்காரர் பேசுறாரு, எந்த மாதிரி பஞ்சாயத்துல அது மாறுது? இதுக்கு பதில் "பெரும்பாலும் தாங்களே பேசுறாங்க"ன்னும் வரலாம் "பெரும்பாலும் வீட்டுக்காரர்தான்"னும் வரலாம், ரெண்டுல எது வந்தாலும் படிக்கிறவனுக்கு புதுசா ஒண்ணு தெரியும். பதில் முன்கூட்டியே உங்களுக்கு தெரிஞ்சிருந்தா அந்த கேள்வியை விட்டுடுங்க.

இன்னொண்ணு, பஸ்ஸுல போயிட்டு சாயங்காலம் வீட்டுக்கு திரும்பி வர்ற தூரத்துக்குள்ள இருக்குற கேள்வியா எடுங்க. மாசம் எவ்ளோ காசு கையில இருக்கும்னு எனக்கும் தெரியும்.

குவாலிடேட்டிவா குவான்டிடேட்டிவா? எது ஈஸி?

குவாலிடேட்டிவ்னா ஆளுங்க பேசுறதைக் கேட்டு எழுதுறது, குவான்டிடேட்டிவ்னா எண்ணிக் கணக்கு போடுறது. ரெண்டும் கஷ்டம். கணக்குக்கு பயந்து குவாலிடேட்டிவ் எடுக்குறவங்கதான் அதிகம், அப்புறம் நாப்பது மணி நேர ஆடியோவை உக்காந்து டைப் அடிக்கும்போது அழுவாங்க. ஒரு மணி நேர பேச்சை எழுத்துல கொண்டு வர எனக்கு நாலஞ்சு மணி நேரம் ஆச்சு, அதுவும் நாலு பேர் ஒரே நேரத்துல பேசுற திண்ணைப் பேச்சுன்னா முடிஞ்சது கதை. எத்தனை பேர், எவ்ளோ, கூடுதா குறையுதா ன்னு கேட்டா எண்ணித்தான் ஆகணும். எப்படி நடக்குது, அவங்க அதை என்னன்னு நினைக்கிறாங்கன்னு கேட்டா உக்காந்து கேக்கணும். கேள்விதான் முடிவு பண்ணும், உங்க பயம் முடிவு பண்ணக் கூடாது.

"ஓட்டு வங்கி"ங்கிற வார்த்தையை நம்ம ஊரு டிவி டிபேட்ல தினம் கேக்குறோமே, அதைப் புழக்கத்துக்கு கொண்டு வந்தது எம்.என்.ஸ்ரீனிவாஸ்ங்கிற சமூகவியல் அறிஞர், 1950கள்ல. மைசூர் பக்கம் ஒரு கிராமத்துல தங்கி, யார் யாருக்கு கட்டுப்பட்டு ஓட்டுப் போடுறாங்கன்னு பாத்த ஆள் அவர். எந்த சர்வேலயும் அப்படி ஒரு வார்த்தை தானா முளைக்காது. அதே சமயம், அந்தக் கட்டுப்பாடு இன்னிக்கும் இருக்கா, எத்தனை சதவீதம்னு ஒரு கிராமத்துல தங்கி மட்டும் சொல்லவும் முடியாது.

(அவரோட இன்னொரு கதை. 1970ல அமெரிக்காவுல ஸ்டான்ஃபோர்டுல அவர் இருந்த ஆராய்ச்சி மையத்துக்கு யாரோ தீ வச்சுட்டாங்க, பல வருஷமா ஒழுங்குபடுத்தி வச்சிருந்த களக் குறிப்பு மூணு காப்பியும் எரிஞ்சு போச்சு. மூணும் ஒரே கட்டிடத்துல. மனுஷன் ஞாபகத்தை வச்சே புத்தகம் எழுதினாரு. உங்களால முடியாது, என்னாலயும் முடியாது, அதனால டிரைவ்ல ஒரு காப்பி, பென்டிரைவ்ல ஒரு காப்பி, பென்டிரைவ் வேற பையில.)

எத்தனை பேர்கிட்ட கேக்கணும்? 100 போதுமா?

இதுதான் நம்பர் ஒன் கேள்வி, எல்லாரும் எண்ணிக்கையைத்தான் கேக்குறாங்க, யார்கிட்ட கேக்குறதுன்னு ஒருத்தரும் கேக்க மாட்டேங்கறாங்க. முதல்ல எண்ணிக்கையை முடிச்சிடுவோம். சரியா குலுக்கி எடுத்த 400 பேர்னா ஏறக்குறைய 5 சதவீதம் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் தவறலாம், 1000 பேர்னா 3 சதவீதம். தவறை பாதியா குறைக்கணும்னா சாம்பிளை நாலு மடங்காக்கணும், ரெண்டு மடங்கு பத்தாது. இதுல வேடிக்கை என்னன்னா ஒரு சட்டமன்ற தொகுதிக்கும் மொத்த தமிழ்நாட்டுக்கும் கிட்டத்தட்ட அதே 1000தான், ஜனத்தொகை பெருசானா சாம்பிளும் பெருசாகணும்னு கட்டாயம் இல்ல.

ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்னு நம்ம வீட்டுல சொல்றாங்கல்ல, அதேதான். பானை பெருசா சிறுசாங்கறது முக்கியம் இல்ல. ஆனா அந்தப் பழமொழி வேலை செய்யறது சோத்தைக் கிளறி விட்டிருந்தாத்தான், அடி பிடிச்ச பானையில மேலாக்க ஒரு பருக்கை எடுத்து நசுக்கிப் பாத்தா என்ன தெரியும்? நம்ம ஊரு யாரும் கிளறி விடாத பானை. மேலத்தெரு வேற, கீழத்தெரு வேற, காலனி வேற, ரோட்டோரமா புதுசா வந்த பிளாட்டு வேற.

நான் எம்.ஏ. படிக்கும்போது மேலூர் பக்கம் ஒரு கிராமத்துல முதல் சர்வே பண்ணேன். பஸ் ஸ்டாப் டீக்கடையில உக்காந்து ஒரே நாள்ல 60 ஃபார்ம் முடிச்சிட்டு ராஜா மாதிரி வீட்டுக்கு வந்தேன். ராத்திரி எண்ணிப் பாத்தா அதுல பொம்பளைங்க 4 பேர். காலனியிலேர்ந்து ஒருத்தர்கூட இல்ல, அந்தக் கடையில அவங்க ஏன் உக்காரலைங்கறதே ஒரு ஆராய்ச்சி, அது அன்னிக்கு என் கண்ணுல படல. அறுபது ஃபார்மும் வேஸ்ட்டு.

நான் பண்ணதை 1936லயே அமெரிக்காவுல ஒரு பத்திரிகை பெருசா பண்ணியிருக்கு. லிட்டரரி டைஜஸ்ட். ஒரு கோடி பேருக்கு கார்டு போட்டு, 20 லட்சத்துக்கு மேல பதில் வாங்கி, அதிபர் தேர்தல்ல ரூஸ்வெல்ட் தோப்பாருன்னு எழுதிச்சு. அவர் 60 சதவீதத்துக்கு மேல வாங்கி, ரெண்டே ரெண்டு மாநிலம் தவிர எல்லாத்துலயும் ஜெயிச்சாரு. கார்டு போன அட்ரஸ் எல்லாம் டெலிபோன் டைரக்டரியிலேர்ந்தும் கார் வச்சிருக்கிறவங்க லிஸ்ட்டுலேர்ந்தும் எடுத்தது, பொருளாதார மந்த காலத்துல போனும் காரும் வச்சிருந்தது யாரு? போதாக்குறைக்கு மெனக்கெட்டு பதில் போட்டவங்க ஒரு தினுசான ஆளுங்க. அதே வருஷம் காலப்னு கருத்துக் கணிப்பு நடத்துற ஒருத்தர் அதைவிட ரொம்பச் சின்ன சாம்பிளை வச்சு ரூஸ்வெல்ட்தான்னு சொல்லிட்டாரு. 2024ல நம்ம ஊரு எக்ஸிட் போல்கள்ல பலதும் தேசிய ஜனநாயக கூட்டணிக்கு 350க்கு மேலன்னு சொல்லி 293ல வந்து நின்னதும் ஞாபகம் இருக்கும், அங்க சாம்பிள் சின்னதுன்னு யாரும் சொல்ல முடியாது.

சரி எப்படித்தான் எடுக்குறது? வாக்காளர் பட்டியலை டவுன்லோட் பண்ணுங்க, பூத் வாரியா பிடிஎஃப் கிடைக்கும். ஒரு பூத்துல 1,100 பேர் இருக்காங்க, உங்களுக்கு 22 பேர் வேணும்னா 50க்கு ஒருத்தர். ஒண்ணுலேர்ந்து அம்பதுக்குள்ள ஒரு சீட்டு எடுங்க, 17 வந்தா 17, 67, 117ன்னு போயிட்டே இருங்க. லோக்நிதிங்கிற ஆய்வுக் குழு நடத்துற தேசிய தேர்தல் ஆய்வும் பட்டியல்லேர்ந்துதான் பேர் எடுக்குது. ஒரே பூத்துல 200 பேரை பிடிக்காதீங்க, 10 பூத்துக்கு 20 பேரா பிரிங்க, ஒரே தெருக்காரங்க பெரும்பாலும் ஒரே மாதிரிதான் பேசுவாங்க. வீடு பூட்டியிருந்தா பக்கத்து வீட்டுல கேட்டு முடிச்சிடாதீங்க, மறுபடி சாயங்காலம் போங்க. பகல்ல பூட்டியிருக்குற வீடு வேலைக்கு போற வீடு, அதை விட்டா வேலைக்கு போறவங்களையே விட்ட மாதிரி.

கூகுள் ஃபார்ம் அனுப்பிடலாமா?

உங்க காலேஜ் வாட்ஸாப் குரூப்ல இருக்குறவங்க என்ன நினைக்கிறாங்கன்னு தெரியணும்னா அனுப்பலாம். தலைப்புலயும் அப்படியே போடுங்க, "தமிழக இளைஞர்களின் அரசியல் பார்வை"ன்னு போடாதீங்க.

கேள்வித்தாள் ரெடி பண்ணிட்டேன், பாத்து சொல்லுங்களேன்?

நான் பாக்குறதைவிட உங்க பாட்டிகிட்ட படிச்சுக் காட்டுங்க. ஆய்வுல ஒரு பிரபலமான கேள்வி இருக்கு, "நம் நாட்டில் ஜனநாயகம் செயல்படும் விதம் உங்களுக்குத் திருப்தியளிக்கிறதா?" இதை அப்படியே ஒரு ஆத்தாகிட்ட கேட்டேன், திண்ணையில புளி தட்டிக்கிட்டு இருந்தாங்க. கொஞ்ச நேரம் என்னையே பாத்தாங்க. "அரிசி வருதுய்யா, பருப்புதான் ரெண்டு மாசமா போடல"ன்னாங்க. நான் ஃபார்ம்ல "ஓரளவு திருப்தி"ன்னு டிக் பண்ணிட்டு அடுத்த கேள்விக்கு போயிட்டேன். யோசிச்சுப் பாருங்க, அந்த டிக் ஜனநாயகத்தைப் பத்தினதா, ரேஷன் கடையைப் பத்தினதா? ஆத்தாவைக் கேட்டா ரெண்டும் ஒண்ணுதாம்பாங்க, அதுலயும் ஒரு நியாயம் இருக்கு, ஆனா என் டேபிள்ல அது ஜனநாயகம்ங்கிற கட்டத்துல போய் உக்காந்துடுச்சு. நாம அளக்கணும்னு நினைக்கிறதைத்தான் கேள்வி அளக்குதான்னு பாக்குறதுதான் வேலிடிட்டி, புத்தகத்துல மூணு பக்கம் இருக்கும், எனக்குப் புரிஞ்சது அந்தத் திண்ணையிலதான்.

அதனால 15 பேர்கிட்டயாவது ட்ரையல் பாருங்க. பதில் வாங்கிட்டு "நான் என்ன கேட்டேன்னு உங்க பாஷையில சொல்லுங்க"ன்னு திருப்பிக் கேளுங்க, பாதி கேள்வி அங்கேயே கழண்டுடும். "ரோடும் தண்ணியும் நல்லா இருக்கா?"ன்னு ரெண்டை ஒண்ணா கட்டாதீங்க. "ஊழல் மிகுந்த இந்த ஆட்சியை..."ன்னு ஆரம்பிக்கிற கேள்வியெல்லாம் நான் நெஜமாவே ஒரு ப்ராஜெக்ட்ல பாத்திருக்கேன்.

அப்புறம், அக்கா பேரு லிஸ்ட்டுல இருந்தா அக்காகிட்டதான் கேக்கணும். வீட்டுக்காரர் வந்து "அவளுக்கு என்ன தம்பி தெரியும், என்னைக் கேளுங்க"ம்பாரு, பத்து வீட்டுக்கு ஏழு வீட்டுல நடக்கும். அவரை பகைச்சுக்காம, "அண்ணே உங்களுக்கு தனி ஃபார்ம் இருக்கு"ன்னு கூட வந்த ஃப்ரெண்டு ஒருத்தன் அவரை அந்தப் பக்கம் கூட்டிட்டுப் போயிடணும். அந்த ஃபார்மை கணக்குல சேக்கக் கூடாது, சும்மா அவரோட மரியாதைக்கு.

ஓட்டுக்கு காசு வாங்கினீங்களான்னு கேட்டா யாரும் உண்மை சொல்ல மாட்டேங்கறாங்க.

நேரா கேட்டா யாரு சொல்லுவா? நான் கேட்ட ஒரு தெருவுல நூத்துக்கு நூறு "இல்லவே இல்ல"ன்னாங்க. எங்களுக்கு வழி காட்ட கூடவே வந்தவரு அந்த வார்டுல ஒரு கட்சிக்காரர்னு கடைசி வீட்டுலதான் தெரிஞ்சுது.

இதுக்கு லிஸ்ட் எக்ஸ்பெரிமென்ட்னு ஒரு முறை இருக்கு, எனக்கு ரொம்பப் பிடிச்சது. ஆளுங்களை குலுக்கல்ல ரெண்டு பாதியா பிரிச்சுக்குங்க. ஒரு பாதிக்கு நாலு விஷயம் படிச்சுக் காட்டுறீங்க: கட்சிக்காரங்க வீட்டுக்கு வந்தாங்க, நோட்டீஸ் குடுத்தாங்க, போன்ல பேசினாங்க, பொதுக்கூட்டத்துக்கு கூப்பிட்டாங்க. இதுல எது எதுன்னு சொல்ல வேணாம், எத்தனைன்னு மட்டும் சொல்லுங்கன்னு கேக்கணும். இன்னொரு பாதிக்கு அதே நாலோட அஞ்சாவதா "காசு குடுத்தாங்க"ன்னு சேத்துக்கணும். முதல் குரூப் சராசரி 2.1, ரெண்டாவது 2.5ன்னு வந்தா, அந்த வித்தியாசம் 0.4, அதாவது சுமார் 40 சதவீதம் பேருக்கு காசு வந்திருக்கு. எந்தத் தனி ஆளும் மாட்டிக்கல. ஆனா இதுக்கு ஆள் நிறைய வேணும், 60 ஃபார்மை வச்சு ட்ரை பண்ணாதீங்க. (இந்த எண்ணெல்லாம் விளக்கத்துக்கு நான் போட்டது, எங்கயும் கோட் பண்ணிடாதீங்க.)

யாருக்கு ஓட்டுன்னு கேக்குறதுக்கு லோக்நிதிக்காரங்க டம்மி ஓட்டுச் சீட்டும் ஒரு பெட்டியும் கொண்டு போவாங்க, ஆளு தானே முத்திரை குத்தி மடிச்சு உள்ள போட்டுடலாம், கேக்குறவன் பாக்க மாட்டான். அட்டைப் பெட்டி வாங்க எவ்ளோ ஆகப் போகுது, நீங்களும் பண்ணுங்க.

"இலவசம் அறிவிச்சதாலதான் ஜெயிச்சாங்க"ன்னு என் ஹைப்பாதசிஸ் (சோதிச்சுப் பாக்கப் போற யூகம்). 2011 தேர்தலை எடுத்திருக்கேன்.

2011ல அதிமுக மிக்சி கிரைண்டர் ஃபேன்னு அறிவிச்சாங்க, தனியா 150 சீட் ஜெயிச்சாங்க, சரிதான். அதே தேர்தல்ல திமுகவும்தானே மிக்சி இல்லன்னா கிரைண்டர்னு அறிவிச்சாங்க, 23 சீட்தான் வந்துச்சு. ஜெயிச்சவன் வீட்டை மட்டும் போய்ப் பாத்துட்டு இதனாலதான் ஜெயிச்சான்னு எழுதுறதுல வர்ற வில்லங்கம் இதுதான், தோத்தவன் வீட்டுலயும் அதே பொருள் இருந்தா உங்க காரணம் அங்கேயே படுத்துடும். இலவசத்துக்கு பலனே இல்லன்னு நான் சொல்லல, இந்த ஒரு தேர்தலை வச்சு ரெண்டு பக்கமும் சொல்ல முடியாதுங்கறேன்.

காரணத்தை நல்லா பிடிச்ச ஆய்வு ஒண்ணு பாக்கணும்னா ராகவேந்திர சட்டோபாத்யாயும் எஸ்தர் டுஃப்லோவும் 2004ல வெளியிட்டதைப் படிங்க. பெண் தலைவி வந்தா பஞ்சாயத்து மாறுமாங்கறது கேள்வி. பொதுவா பெண் ஜெயிக்கிற ஊரே கொஞ்சம் வேற மாதிரி ஊரா இருக்கும், அதனால சும்மா ஒப்பிட்டா ஏமாந்துடுவோம். ஆனா பஞ்சாயத்துல பெண்களுக்கு ஒதுக்கீடு கொண்டு வந்த 73வது அரசியல் சட்டத் திருத்தத்துக்கு அப்புறம் எந்தப் பஞ்சாயத்து பெண்களுக்குங்கறதை ஊர்க்காரங்க முடிவு பண்ணல, சுழற்சியில குலுக்கல் மாதிரி விழுந்துச்சு. அரசாங்கமே தெரியாம ஒரு சோதனையை நடத்திக் குடுத்துடுச்சு. மேற்கு வங்கத்துலயும் ராஜஸ்தான்லயும் 265 பஞ்சாயத்தை ஒப்பிட்டுப் பாத்தா, பெண் தலைமை இருந்த இடத்துல குடிதண்ணிக்கு அதிகமா செலவாகியிருக்கு, தண்ணி தூக்குறது யாருன்னு யோசிச்சா ஏன்னு புரியும். இந்த ஒரு பேப்பரை ரெண்டு தடவை படிச்சாலே அரை செமஸ்டர் சிலபஸ் கவராயிடும்.

பூத் வாரியா ஓட்டு விவரம் இருக்கு. பெண்கள் அதிகமா இருக்குற பூத்துல ஒரு கட்சிக்கு ஓட்டு கூட விழுந்திருக்கு. அப்போ பெண்கள் அந்தக் கட்சிக்கு போட்டிருக்காங்கன்னு எழுதலாமா?

எழுதக் கூடாது. அந்த பூத்துல ஆம்பளைங்க வெளியூர் வேலைக்கு போன ஊரா இருக்கலாம், அப்படிப்பட்ட ஊர்ல மிச்சம் இருக்குற ஆம்பளைங்களும் அந்தக் கட்சிக்கே போட்டிருக்கலாம். 1950ல ராபின்சன்னு ஒருத்தர் அமெரிக்க சென்சஸை வச்சு இதை காட்டியிருக்காரு: மாநில வாரியா பாத்தா வெளிநாட்டுல பொறந்தவங்க அதிகமா இருக்குற இடத்துல எழுத்தறிவு ஜாஸ்தி, தனித்தனி ஆளா பாத்தா வெளிநாட்டுல பொறந்தவங்களுக்கு எழுத்தறிவு கம்மி. ஏன்னா அவங்க போய் குடியேறினது ஏற்கெனவே படிச்சவங்க இருந்த மாநிலத்துல. ஊரைப் பத்தின டேட்டா ஊரைப் பத்தி மட்டும்தான் பேசும்.

டேட்டா எங்க கிடைக்கும்?

களத்துக்கு போகாமலே நிறைய பண்ணலாம். பூத் வாரி முடிவு ஃபார்ம் 20ல இருக்கும், தலைமைத் தேர்தல் அதிகாரியோட சைட்டுல பாருங்க, பல இடத்துல ஸ்கேன் பண்ண பிடிஎஃப்தான், கண்ணு போயிடும். பழைய தேர்தல் முடிவெல்லாம் அசோகா யுனிவர்சிட்டி திரிவேதி சென்டரோட லோக் டாபாவுல சுத்தமா டேபிளா இருக்கு. வேட்பாளர் சொத்து, வழக்கு விவரத்துக்கு மைநேதா. நாடாளுமன்ற விவாதம் ஆன்லைன்ல இருக்கு. பழைய அரசு ஆவணத்துக்கு எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகம், பழைய பத்திரிகை, துண்டுப் பிரசுரத்துக்கு தரமணி ரோஜா முத்தையா நூலகம், அங்க உள்ள போனா சாயங்காலம் ஆனதே தெரியாது.

இல்லாததுக்கு ஆர்டிஐ, அதாவது தகவல் அறியும் உரிமைச் சட்டம். 10 ரூபா, 30 நாள்ல பதில் தரணும்னு சட்டம். "ஏன் கட்டவில்லை?"ன்னு கேக்காதீங்க, "எந்தக் கோப்பு, எந்த தேதி, எவ்வளவு தொகை, நகல் தருக"ன்னு கேளுங்க. ஒரு அலுவலகத்துல எனக்கு 29வது நாள் "கோரிய தகவல் தெளிவாக இல்லை"ன்னு ஒரு வரி பதில் வந்துச்சு, மேல்முறையீடு போட்டு வாங்குறதுக்குள்ள சேப்டரே முடிஞ்சு போச்சு. அதனால ஆர்டிஐயை முதல் மாசமே போட்டுடுங்க.

எனக்கு மேத்ஸ் வராது. சாஃப்ட்வேர் எது?

சதவீதம் போட வந்தா ஆரம்பிக்கலாம். ஜமோவி ஃப்ரீ, மவுஸ்லயே வேலை நடக்கும். பிஹெச்டி போற ஐடியா இருந்தா ஆர் கத்துக்குங்க, அதுவும் ஃப்ரீ, முதல் ரெண்டு வாரம் சிவப்பு எழுத்துல திட்டிக்கிட்டே இருக்கும், அப்புறம் பழகிடும். கிராக் பண்ண எஸ்பிஎஸ்எஸ் (காசு குடுத்து வாங்க வேண்டிய புள்ளியியல் சாஃப்ட்வேர்) வச்சிருக்குற ப்ரௌசிங் சென்டர்ல டேட்டாவைக் குடுத்து "டேபிள் போட்டுத் தாங்க"ன்னு காசு கட்டாதீங்க, வைவால (வாய்மொழித் தேர்வுல) அந்த டேபிளைக் காட்டி "இந்த 0.03 என்னப்பா?"ன்னு கேட்டா அந்த சென்டர் அண்ணன் வர மாட்டாரு.

லிட்டரேச்சர் ரிவ்யூவை (ஏற்கெனவே வந்த ஆய்வுகளைப் படிச்சு எழுதுற பகுதி) ஏஐகிட்ட எழுத சொல்லலாமா?

இல்லாத புத்தகத்தையும் இருக்கிற மாதிரியே பேர், வருஷம், பக்க எண்ணோட அழகா எழுதிக் குடுக்கும், நான் ஒரு ப்ராஜெக்ட்ல மூணு கண்டுபிடிச்சேன். நீங்க திறந்து படிச்சதை மட்டும் லிஸ்ட்டுல போடுங்க. காப்பி அடிக்கிறது பத்தி யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2018ல போட்ட விதிப்படி, அடுத்தவங்க எழுத்தோட 10 சதவீதம் வரைக்கும் ஒத்துப் போனா பிரச்சனை இல்ல, அதுக்கு மேல போனா திருத்தி எழுதுறதுலேர்ந்து பதிவு ரத்து வரைக்கும் இருக்கு.

அரசியல்வாதியை பேட்டி எடுக்கணும், எப்படி பிடிக்கிறது?

பெரிய ஆளைத் தேடிப் போகாதீங்க, அவர் டிவியில சொன்னதைத்தான் உங்ககிட்டயும் சொல்லுவாரு. முன்னாள் கவுன்சிலர், ஒன்றியத்துல பதவி போனவரு, நாப்பது வருஷமா போஸ்டர் ஒட்டுறவரு, இவங்ககிட்ட உக்காருங்க, பேச ஆளில்லாம இருப்பாங்க. ரெக்கார்ட் பண்ணலாமான்னு கேட்டுட்டு பண்ணுங்க, வேணாம்னா நோட்டை மட்டும் எடுங்க. ரெக்கார்டரை ஆஃப் பண்ணிட்டு வாசல் வரைக்கும் வரும்போதுதான் மெயின் மேட்டரே வரும், அதை யூஸ் பண்ணலாமான்னு அப்பவே வாசல்லயே கேட்டுடுங்க. பேரை மாத்தினா மட்டும் பத்தாது, "அந்த ஊரு முன்னாள் பெண் தலைவர்"னா ஊருல ஒரே ஒருத்தர்தான்.

ஹைப்பாதசிஸ் தப்புன்னு வந்துடுச்சு அண்ணா, ஃபார்மை கொஞ்சம் மாத்திடவா?

இந்த வாய்ஸ் நோட்டு போன மார்ச்ல ஒரு தங்கச்சி அனுப்பினது, அழுதுகிட்டே. படிச்ச பெண்கள் கிராம சபைக்கு அதிகமா வருவாங்கன்னு நினைச்சு போயிருக்கா, டேட்டாவுல நூறு நாள் வேலைக்கு போறவங்கதான் அதிகமா வந்திருக்காங்க, பிளஸ் டூ படிச்சவங்க எட்டிக்கூட பாக்கல. மாத்தாதேம்மா, அப்படியே எழுதுன்னேன். ஏன்னு யோசிச்சியான்னு கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல, அப்புறம் அவளே சொன்னா, "சம்பள பாக்கியை கேக்குறதுக்கு அவங்களுக்கு வேற இடமே இல்லண்ணா." அதை எழுதுன்னேன். எழுதிட்டா, வைவால முக்கா மணி நேரம் அதைப் பத்தியேதான் கேட்டாங்களாம்.